டாபெஸ்ட்ரியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சொற்களைப் பற்றிய இந்தப் பகுதிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதிய கேள்வியும், அதே சொல்லைத் தொட்டு வேறு சில வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் சேர்ந்து வந்திருப்பதால், இந்த இதழில் முழு இடத்தையும் அந்த ஒரு சொல்லுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சமூக வரலாற்று நூல் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பண்பாடுகளின் 'டாபெஸ்ட்ரி' என்ற தொடர் அதில் பல இடங்களில் வருகிறது. ஓர் அகராதி 'திரைச்சீலை' என்கிறது. இன்னொன்று 'சித்திரக் கம்பளம்' என்கிறது. கணினி மொழிபெயர்ப்பு 'நாடா' என்று தருகிறது. எது சரி? அந்தப் பொருள் உண்மையில் எப்படிப்பட்டது? (மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்)

பதில்: முதலில் ஒதுக்க வேண்டியது 'நாடா'. 'டேப்' என்ற சொல்லோடு ஒலி ஒத்திருப்பதால் நேர்ந்த குழப்பமாகத்தான் அது இருக்க வேண்டும். டேப் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். டாபெஸ்ட்ரியோ பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. அதோடு, நம் நெசவாளர் வழக்கில் நாடா என்பது ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடும் கருவி. டாபெஸ்ட்ரி என்பது படத்தோடு சேர்த்தே நெய்யப்படும், சுவரில் தொங்கவிடும் துணி. அந்த நெசவின் முதல் இலக்கணமே ஊடை அப்படி முழு அகலத்துக்கும் ஓடாது என்பதுதான்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நூலில் வரும் உருவகம் முழுவதும் இந்த நெசவு முறையின் மேல்தான் நிற்கிறது. சாதாரணத் துணியில் பாவு நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஊடை குறுக்கே கரைக்குக் கரை போய்வரும். நெய்து முடித்த துணியில் இரண்டு நூலும் கண்ணுக்குத் தெரியும். டாபெஸ்ட்ரியில் ஒவ்வொரு நிற ஊடையும் தனக்குரிய இடத்துக்குள் மட்டும் போய்த் திரும்பும். ஒரு சிவப்பு மலரை நெய்ய வேண்டுமானால், சிவப்பு நூல் அந்த மலரின் அகலத்துக்குரிய சில பாவு இழைகளை மட்டும் ஊடுருவி, மலரின் விளிம்பில் திரும்பிவிடுகிறது. பக்கத்திலுள்ள இலைக்குப் பச்சை நூல் தனியாக அப்படியே போய்வருகிறது. ஆகவே பெரிய படமொன்றை நெய்கிற தறியில் பல நிற நூல் சுற்றிய சிறு கட்டைகள் ஒரே நேரத்தில் பத்து இருபது என்று தொங்கிக்கொண்டிருக்கும். ஊடையை நெருக்கி அடித்து இறக்குவதால் பாவு முழுவதும் மறைந்துபோகும். நாம் பார்ப்பதெல்லாம் ஊடை மட்டுமே.

கலம்காரியில் படம் நெய்த துணியின்மேல் எழுதப்படுகிறது. கோயில் தேரில் தொங்கும் தொம்பையில் வெட்டிய துணித் துண்டுகள் வைத்துத் தைக்கப்படுகின்றன. பூத்தையலில் ஊசி நூல் ஏற்கெனவே இருக்கிற துணியைத் துளைத்துக்கொண்டு போகிறது. இந்த மூன்றிலும் படத்தை நீக்கிவிட்டாலும் துணி மிஞ்சும். டாபெஸ்ட்ரியில் துணி உண்டாகும்போதே படமும் உண்டாகிறது. அந்தப் பச்சை இலையை உருவி எடுத்தால் அவ்விடத்தில் வெறும் பாவு நூல்தான் நிற்கும். படமே துணி என்ற இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தெளிவாகும்.

இந்த முறை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த துத்தன்காமன் கல்லறையிலிருந்து இவ்வாறு நெய்த ஆடைகள் கிடைத்துள்ளன. சீனர்கள் பட்டு நூலில் இதை நெய்து 'கெசு' என்றார்கள்; வெட்டிய பட்டு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். இரு நிறங்கள் நேர்கோட்டில் சந்திக்கும் இடத்தில் இரண்டு நூலும் தத்தம் பக்கம் திரும்பிவிடுவதால் நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு பிளவு விழும். அதைக் கண்டு வைத்த பெயர் அது. காஷ்மீரின் கானிச் சால்வையிலும் இதே கொள்கைதான். அங்கே நாடாவுக்குப் பதிலாகச் சிறு மரக்குச்சிகளில் நூலைச் சுற்றிக்கொண்டு, 'தாலீம்' எனப்படும் குறியீட்டுச் சீட்டைப் பார்த்து, எத்தனை இழைக்கு எந்த நிறம் என்று நெய்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் பைதானிச் சேலையின் முந்தானையும் இந்த வகையைச் சேர்ந்தது.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலை இதற்கு ஒரு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யும்போது உடலுக்கு ஒரு நாடா, இரு பக்கக் கரைகளுக்கும் ஒவ்வொரு நாடா என்று மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடை கரைக்குள் நுழையாமல், எல்லையில் கரையின் ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடுகிறது. நெசவாளரோடு துணைக்கு இன்னொருவர் தறியில் உட்கார வேண்டியிருப்பது இதனால்தான். நிறம் மாறும் இடத்தில் நூல் திரும்ப வேண்டும் என்ற அதே கொள்கையை, கோர்வை நெசவு இரண்டு கோடுகளில் மட்டும் செய்கிறது. டாபெஸ்ட்ரி துணியின் எல்லா இடத்திலும் செய்கிறது. கோர்வை நெய்பவர் ஒருவரிடம் டாபெஸ்ட்ரியை விளக்க ஒரு நிமிடம் போதும் என்று நான் நம்புகிறேன். அகராதி தொகுத்தவர்கள் தறியடியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தால் 'திரைச்சீலை' என்ற பொருள் அவ்வளவு எளிதாக அச்சேறியிருக்காது.

திரைச்சீலை என்பது வாசலையோ சன்னலையோ மறைப்பது. விலக்கவும் மூடவும் பயன்படுவது. ஐரோப்பிய அரண்மனைகளில் டாபெஸ்ட்ரி பெரும்பாலும் கற்சுவரை ஒட்டி விரித்துத் தொங்கவிடப்பட்டது. அது குளிரைத் தடுத்தது, சுவருக்கு நிறம் கொடுத்தது, செல்வத்தையும் காட்டியது. சுவரோவியத்தைப் போலன்றி, இதைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த அரண்மனைக்குப் போகலாம் என்பதால், ஓரிடத்தில் நிலைத்திராத மன்னர்கள் இதை மிகவும் விரும்பினார்கள். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி இறந்தபோது அவரிடம் 2,000க்கும் மேற்பட்டவை இருந்தன என்று அவருடைய உடைமைப் பட்டியல் காட்டுகிறது.

'சித்திரக் கம்பளம்' திரைச்சீலையைவிட நெருங்கி வருகிறது; ஆனால் கம்பளம் என்றவுடன் தமிழ் வாசகர் தரையைப் பார்ப்பார். பொருளைக் குறிக்க 'நெசவோவியம்' என்பதை நான் பரிந்துரைப்பேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'சுவரில் தொங்கும் நெசவோவியம்' என்று விளக்கமாக எழுதிவிட்டால் போதும். 'நெய்யோவியம்' என்று சிலர் எழுதுவதைத் தவிர்க்கலாம். நெய்தல் என்ற வினையை நினைக்கும் முன் வாசகர் நெய்யில் குழைத்த வண்ணத்தை நினைத்துவிடுவார். உருவகத்துக்கு என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேள்வி: இந்தச் சொல்லுக்கும் கம்பளத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கும் தொடர்பு உண்டா? சொல் எங்கிருந்து வந்தது? (ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி)

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. கிரேக்கத்தில் 'தாபெஸ்' என்பது கனத்த விரிப்பு. ஹோமரின் காப்பியங்களில் இருக்கையிலும் படுக்கையிலும் விரிக்கும் துணியாக அது வருகிறது. கிரேக்கர்கள் அதை ஈரானிய மொழியொன்றிலிருந்து பெற்றிருக்கலாம் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் பலரின் கருத்து. பாரசீகத்தில் முறுக்குதல், நூற்றல் என்ற பொருளுடைய 'தாஃப்தன்' என்ற வினை அதற்கு இனமாகக் காட்டப்படுகிறது. 'டஃபேட்டா' என்ற துணியின் பெயரும் அந்தப் பாரசீக வினையிலிருந்து பிறந்ததே. கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்குப் போய் 'தாபேத்தும்' ஆகி, பிரெஞ்சில் 'தப்பி' என்று சுருங்கி, அந்தத் துணியால் மூடுவதைக் குறிக்கும் வினையாகி, அந்த வினையிலிருந்து 'தப்பிஸ்ரி' என்ற பெயராகி, ஆங்கிலத்தை அடைந்தது. பிரெஞ்சு வடிவத்தில் 'ஸ்' ஒலிக்குப் பின் 'ட்' கிடையாது. அது 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலேயர் நாவில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. 'ஆன்சியன்' என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் 'ஏன்ஷியன்ட்' ஆனதும் இப்படித்தான்.

ஒரே வேர் ஐரோப்பா முழுவதும் பரவிய பிறகு, ஒவ்வொரு மொழியும் வீட்டின் வெவ்வேறு பரப்பில் அதை விரித்திருக்கிறது. பிரெஞ்சில் 'தப்பி' தரை விரிப்பு. இத்தாலியத்தில் 'தப்பேத்தோ'வும் தரை விரிப்பே. ஜெர்மானியர்கள் 'தெப்பிஷ்' என்று தரை விரிப்பையும், 'தப்பேட்டே' என்று சுவரில் ஒட்டும் தாளையும் சொல்கிறார்கள். மேசைக்கும் ஓர் இடம் உண்டு. ஆலோசனை மன்றத்தின் மேசைமேல் கனத்த விரிப்புப் போடும் வழக்கம் இருந்ததால், ஒரு விஷயத்தை விவாதத்துக்கு எடுப்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'தப்பியின் மேல் வைப்பது' என்கிறார்கள். ஆகவே தரை, மேசை, சுவர் என்று எங்கே விரித்தாலும் பரப்பை மூடும் கனத்த துணி என்பதே வேர்ப்பொருள். படம் என்ற பொருள் அந்த வேரில் கிடையாது, அது பின்னால் சேர்ந்தது.

ஊரின் பெயரே பொருளின் பெயராகிவிட்ட கதையும் இங்கே இருக்கிறது. வட பிரான்சிலுள்ள அராஸ் என்ற நகரம் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் இந்த நெசவுக்குப் பெரும் பெயர் பெற்றிருந்தது. இத்தாலியில் இன்றும் நெசவோவியத்துக்கு 'அராட்ஸோ' என்றுதான் பெயர். போலந்தில், கிராக்கோவ் நகரத்து வாவெல் அரண்மனையிலுள்ளவை பிரஸ்ஸல்ஸில் நெய்யப்பட்டிருந்தும், 'அராஸ்' என்றே அழைக்கப்படுகின்றன. ஹாம்லெட் நாடகத்தில் பொலோனியஸ் ஒளிந்து நின்று குத்துப்பட்டு இறப்பது அரசியின் அறையில் தொங்கும் ஓர் 'அராஸ்' துணிக்குப் பின்னால்தான். பிறகு பாரிஸின் கோபெலின் பட்டறை புகழ்பெற்றது. 1662இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் அதை அரசுக்காக வாங்கினார். ஓவியர் ஷார்ல் ல ப்ரன் அதன் தலைமையை ஏற்றார். ஜெர்மன், ரஷ்யன் ஆகிய மொழிகளில் 'கோபெலின்' என்பது இன்று நெசவோவியத்தின் பொதுப் பெயர். கோழிக்கோட்டின் பெயர் ஆங்கிலத்தில் 'காலிகோ' என்ற துணியாக நின்றதை நாம் அறிவோம். ஊரை மறந்த பின்பும் அதன் தறியை மொழி மறப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் செய்தி.

கேள்வி: பாயூ டாபெஸ்ட்ரி உண்மையில் டாபெஸ்ட்ரியே அன்று என்று எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் சொன்னார். பிறகு ஏன் அந்தப் பெயர்? (கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: அவர் சொன்னது சரி. நார்மண்டியின் வில்லியம் 1066இல் இங்கிலாந்தை வென்ற கதையைச் சொல்லும் அந்தத் துணி, ஏறத்தாழ 70 மீட்டர் நீளமும் அரை மீட்டர் உயரமும் கொண்டது. 11ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. வெள்ளை லினன் துணியின் மேல் நிறம் ஏற்றிய கம்பளி நூலைக் கொண்டு ஊசியால் தைக்கப்பட்ட பூத்தையல் வேலை அது. படங்களுக்கு இடையே வெறும் லினன் தெரிவதை நீங்களே பார்க்கலாம். நெசவோவியமாக இருந்தால் அந்த வெற்றிடத்தையும் வெள்ளை நூலால் நெய்து நிரப்பியிருக்க வேண்டும். பெயர் நிலைத்ததற்குக் காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது. பிரெஞ்சில் அந்தச் சொல் நெசவு முறையைவிட, சுவரில் தொங்கும் பெரிய துணி என்ற பயனையே வெகுகாலம் குறித்துவந்தது. தமிழில் எழுதும்போது நாம் அந்தத் தவறைச் சுமக்க வேண்டியதில்லை. 'பாயூ பூத்தையல் திரை' என்று எழுதினால் பொருளும் பெயரும் ஒன்றுபடும்.

கேள்வி: கார்ட்டூன் என்ற சொல் டாபெஸ்ட்ரி நெசவிலிருந்து வந்தது என்று படித்தேன். நம்பலாமா? (வாசகர், மதுரை)

பதில்: நெசவிலிருந்து மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது, சுவரோவியருக்கும் அது பொதுச் சொல். இத்தாலியத்தில் 'கர்த்தோனே' என்றால் பெரிய, தடித்த தாள். சுவரில் எழுதும் முன்போ தறியில் நெய்யும் முன்போ, படத்தை முழு அளவில் வரைந்துகொள்ளும் தாள் அது. இவற்றுள் மிகப் புகழ்பெற்றவை, திருத்தந்தை பத்தாம் லியோ 1515இல் ரஃபேலிடம் கேட்டு, சிஸ்டைன் சிற்றாலயத்துக்கான நெசவோவியங்களுக்காக வரையச் செய்தவை. நெய்யும் பொறுப்பு பிரஸ்ஸல்ஸில் பீட்டர் வான் ஆல்ஸ்ட்டின் பட்டறைக்குப் போனது. அவற்றுள் ஏழு 1519ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று சிற்றாலயத்தில் தொங்கவிடப்பட்டன.

இந்த வேலையில் ஒரு நுட்பம் உண்டு. படுக்கைத் தறியில் நெசவாளர் துணியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி நெய்வதால் முன்பக்கத்தில் படம் இடவலம் மாறி விழும். அதைக் கணக்கில் கொண்டு ரஃபேல் தம் வரைபடங்களையே இடவலம் மாற்றி வரைந்தார். பட்டறையில் அந்தத் தாள்களை நீளவாக்கில் பட்டைகளாக வெட்டிப் பாவுக்கு அடியில் வைத்து நெய்தார்கள். வெட்டுப்பட்டும் பிழைத்த ஏழு வரைபடங்களைப் பிற்காலத்தில் முதலாம் சார்லஸ் மன்னரான இளவரசர் 1623இல் இங்கிலாந்துக்காக வாங்கினார். அவை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கேலிச்சித்திரம் என்ற பொருள் 1843இல்தான் பிறந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்துச் சுவரோவியங்களுக்கான முழு அளவு வரைபடங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, 'பஞ்ச்' இதழ் தன் நையாண்டிப் படங்களுக்கும் அதே பெயரைச் சூட்டியது. பெயர் அங்கேயே தங்கிவிட்டது.

கேள்வி: இந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது, தமிழில் எப்படி எழுதுவது? (வாசகர், சேலம்)

பதில்: அழுத்தம் முதல் அசையில். அந்த உயிரொலி 'பேங்க்' என்று நாம் பேச்சில் சொல்லும்போது வருவது. தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லை. 'டேபெஸ்ட்ரி' என்று எழுதினால் 'டேப்' என்ற சொல்லோடு குழம்பும் என்பதால் 'டாபெஸ்ட்ரி' என்று எழுதுகிறேன்.

கேள்வி: வாழ்க்கையை டாபெஸ்ட்ரி என்பது எப்போது தொடங்கியது? என் மேலதிகாரி ஒருவர், ஏதாவது தவறாகிப்போனால், 'இதுவும் வாழ்வின் வளமான டாபெஸ்ட்ரியில் ஒரு பகுதி' என்பார். பாராட்டா, ஆறுதலா என்று எனக்குப் புரிந்ததே இல்லை. (வங்கி அலுவலர், பெங்களூரு)

பதில்: ஆறுதல். பிரிட்டிஷ் வழக்கில் அந்தத் தொடர், சிறு இடையூறு நேர்ந்தபோது சிரித்துக்கொண்டு சொல்வது. நாம் 'இதெல்லாம் சேர்ந்ததுதானே வாழ்க்கை' என்போமே, அதற்கு நேரானது. எழுத்தில் இதைக் கண்டு 'வாழ்வின் செழுமையான நெசவோவியம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் துயரத்தில் இருப்பவரைப் பாராட்டியது போல ஆகிவிடும்.

வாழ்க்கையையும் பேச்சையும் நெசவாகக் காணும் பழக்கம் இந்தச் சொல்லைவிட மிகப் பழையது. ஹோமரின் காப்பிய நாயகன் ஒடிஸியஸின் மனைவி பெனலோப் பகலில் நெய்ததை இரவில் பிரித்து, மணம் பேச வந்தவர்களை மூன்று ஆண்டுகள் காத்திருக்க வைத்தாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் அராக்னி என்ற பெண், தெய்வத்தோடு போட்டியிட்டு நெய்து, தெய்வங்களின் குற்றங்களையே தன் துணியில் படமாக்கி, அதற்காகச் சிலந்தியானாள். அந்தப் பெண்ணின் துணியில் நெசவு சாட்சி சொல்கிறது. உருவகம் என்ற அளவில் இதைவிடத் துணிச்சலான ஒன்றை நான் படித்ததில்லை.

டாபெஸ்ட்ரி என்ற குறிப்பிட்ட பொருளை வைத்து எழுந்த உவமைகள் வேறு வகையானவை. ஒவ்வொன்றும் அந்தத் துணியின் ஒவ்வொரு குணத்தைப் பிடித்துக்கொள்கிறது. புளூட்டார்க் எழுதிய தெமிஸ்டாக்கிளீஸ் வரலாற்றில், பாரசீக அரசவையில் அடைக்கலம் புகுந்த அந்தக் கிரேக்கத் தலைவர் மன்னரிடம் ஓர் அவகாசம் கேட்கிறார். மனிதரின் பேச்சு படம் பொறித்த விரிப்பைப் போன்றது. விரித்தால் உருவங்கள் தெரியும், மடித்தால் மறைந்து சிதைந்துபோகும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நானே பேச எனக்குக் காலம் வேண்டும் என்கிறார். ஓராண்டு கேட்டுப் பெற்று, பாரசீகம் கற்றுக்கொண்டு வந்து பேசினார் என்று புளூட்டார்க் கூறுகிறார். இந்த உவமை விரிதலையும் மடிதலையும் பற்றியது.

1615இல் வெளிவந்த 'டான் கிஹோத்தே' நாவலின் இரண்டாம் பாகத்தில் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் துணியின் பின்பக்கத்தைக் காட்டுகிறார். பார்சலோனாவின் அச்சகம் ஒன்றில் நின்றுகொண்டு டான் கிஹோத்தே சொல்கிறார்: மொழிபெயர்ப்பைப் படிப்பது பிளெமிஷ் நெசவோவியத்தைப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பது போல, உருவங்கள் தெரிகின்றன, ஆனால் தொங்கும் நூல்முனைகள் அவற்றை மறைக்கின்றன, முன்பக்கத்தின் வழவழப்பும் நிறமும் அங்கே இல்லை. நெசவை அறிந்தவர் மட்டுமே சொல்லக்கூடிய உவமை இது. ஒவ்வொரு நிறமும் முடியும் இடத்தில் பின்பக்கம் ஒரு நூல்முனை தொங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதே பின்பக்கத்தைக் கிறித்தவப் பிரசங்கிகள் வேறு திசையில் கொண்டுசெல்கிறார்கள்: நாம் காண்பது முடிச்சும் சிக்கலும்தான், முன்பக்கத்தின் ஓவியத்தை இறைவன் மட்டும் காண்கிறார் என்பார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. பிரான்சின் ஆன்ஜே நகரத்தில் இருக்கிற, விவிலியத்தின் உலக முடிவுக் காட்சிகளைக் காட்டும் அப்போகலிப்ஸ் நெசவோவியம், ஆன்ஜூ பிரபு முதலாம் லூயிக்காக 1370களின் பிற்பகுதியில் தொடங்கி நெய்யப்பட்டது. ஓவியர் ஜான் பொந்தோல் அதற்குப் படம் வரைந்தார். முதலில் 140 மீட்டர் அளவு நீளமிருந்த அதில் இன்று 100 மீட்டர் எஞ்சியிருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அதைத் துண்டு துண்டாக வெட்டி, குதிரை லாயத்தில் தொங்கவிடவும் பனியிலிருந்து ஆரஞ்சு மரங்களைப் போர்த்தவும் பயன்படுத்தினார்கள். 19ஆம் நூற்றாண்டில் தேடிச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். அதை நெய்தவர்கள் நூல்முனைகளை உள்ளே ஒளித்து, பின்பக்கத்தையும் முன்பக்கம் போலவே சீராக முடித்திருந்தார்கள். வெயில் படாத அந்தப் பின்பக்கத்தில்தான் பழைய நிறம் இன்றும் மங்காமல் இருக்கிறது. செர்வாண்டிஸின் உவமையை நான் எவ்வளவோ விரும்புகிறேன்; ஆனாலும் மொழிபெயர்ப்பாளர்கள் ஆன்ஜே நெசவாளரை நினைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

ஷேக்ஸ்பியர் தம் நாடகம் ஒன்றில், நம் வாழ்க்கைத் துணி நன்மையும் தீமையும் கலந்த நூலால் நெய்யப்பட்டது என்று ஒரு பிரபுவைச் சொல்லவைக்கிறார். அங்கே அவர் டாபெஸ்ட்ரி என்ற சொல்லை ஆளவில்லை, துணி என்று பொதுவாகவே சொல்கிறார். ஆனால் பிற்கால ஆங்கிலத்தில் வாழ்வை, வரலாற்றை, பண்பாட்டை டாபெஸ்ட்ரி என்று சொல்லும்போது இந்தக் கலப்பே பொருளின் நடுவில் நிற்கிறது: பல நிற நூல், எதுவும் தனியாக முழுமையில்லை, கறுப்பு நூலுக்கும் படத்தில் வேலை உண்டு. இப்போது சுற்றுலா விளம்பரமும் நிறுவன அறிக்கையும், கணினி எழுதித் தருகிற கட்டுரைகளும் எதற்கெடுத்தாலும் 'வளமான டாபெஸ்ட்ரி' என்று எழுதி இந்த உருவகத்தைத் தேய்த்துவிட்டன. அவற்றில் நூலும் இல்லை, நிறமும் இல்லை. 'பல' என்ற ஒரு சொல் செய்யக்கூடிய வேலையை அது செய்துகொண்டிருக்கிறது.

கேள்வி: மீண்டும் நான்தான். உருவகமாக வரும் இடத்தில் தமிழில் என்ன எழுதட்டும்? 'பண்பாடுகளின் கதம்பம்' என்று எழுதலாமா? (மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்)

பதில்: கதம்பம் அழகான சொல், ஆனால் கதம்பத்தில் மல்லிகை மல்லிகையாகவும் மரிக்கொழுந்து மரிக்கொழுந்தாகவும் அருகருகே இருக்கின்றன, நாரை அவிழ்த்தால் பிரிந்துவிடும். உங்கள் ஆசிரியர் வெறும் பன்மையைத்தான் சொல்கிறார் என்றால் கதம்பம் பொருந்தும். ஒன்றையொன்று தாங்கி, சேர்ந்தே ஓர் உருவத்தை உண்டாக்குவதைச் சொல்கிறார் என்றால் பொருந்தாது. சிலப்பதிகாரத்தின் 'எழினி'யைச் சிலர் பரிந்துரைக்கக்கூடும். அது அரங்கின் திரை, தன் வேலையை அங்கே செய்துகொண்டிருக்கட்டும்.

தமிழ் மரபில் சொல்லைத் துணித்தொழிலோடு இணைக்கும் சிந்தனை ஆழமானது. நன்னூலின் பாயிரத்தில், சொல் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், புலவன் நூற்கும் பெண்ணாகவும், வாய் கையாகவும், மதி நூற்கும் கருவியான கதிராகவும் உருவகம் செய்யப்பட்டு, நூல் என்ற பெயருக்குக் காரணம் காட்டப்படுகிறது. ஐரோப்பிய மொழிகளில் பனுவலைக் குறிக்கும் 'டெக்ஸ்ட்' என்ற சொல் நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் நூல் நூற்றலிலிருந்து வந்தது. அவர்கள் தறியில் தொடங்கினார்கள், நாம் கதிரில் தொடங்கினோம். ஆகவே அவர்களுடைய நெசவு உருவகத்தைத் தமிழில் கொண்டுவரப் புதுச்சொல் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஏற்கெனவே வழங்கிவரும் 'ஊடும் பாவுமாக' என்ற தொடர் பெரும்பாலான இடங்களில் கைகொடுக்கும்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாக நிற்பதைத் தமிழில் வினையாக மாற்றிப் பாருங்கள். 'இந்தியா பல பண்பாடுகளின் வளமான டாபெஸ்ட்ரி' என்ற பொருளில் வரும் வாக்கியத்தை, 'பல மொழிகளும் பல வழக்கங்களும் ஊடும் பாவுமாக ஓடி உருவான நாடு இந்தியா' என்று எழுதலாம். ஒரு குடும்ப வரலாற்றின் டாபெஸ்ட்ரியில் ஒரு நூலை இழுத்தால் எல்லாம் பிரிந்துவிடும் என்ற கருத்து வந்தால், 'அந்தக் குடும்பத்தின் கதையில் ஓர் இழையை உருவினால் மற்றதெல்லாம் கையோடு வந்துவிடும்' என்றாலே போதும்; உருவகத்தின் பெயரைச் சொல்லாமலே வாசகருக்குத் துணி தெரிந்துவிடும். பின்பக்கம், நூல்முனை, மறைந்திருக்கும் பாவு என்று ஆசிரியர் அந்தப் பொருளின் குணங்களையே தொடர்ந்து விரிக்கும் இடங்களில் மட்டும் 'நெசவோவியம்' என்று எழுதி, முதல் முறை ஒரு வரி விளக்கம் தாருங்கள். எந்தக் குணத்தையும் விரிக்காமல் அலங்காரத்துக்காகச் சொல் வந்திருக்கும் இடங்களில் தயங்காமல் 'பன்முகப் பண்பாடு' என்று எழுதிவிடலாம்.

உங்கள் கடிதத்தில் முதல் நான்கு இயல்கள் தட்டச்சு முடிந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றில் 'திரைச்சீலை' என்று வந்திருக்கும் ஒவ்வோர் இடத்தையும் மூலத்தோடு வைத்து ஒருமுறை பார்த்து, அச்சுக்குப் போவதற்குள் மாற்றிவிடுங்கள்.